ஃபினாலே நின்றுபோனது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபினாலேவுக்கு என்னதான் ஆனது?

2024 ஆகஸ்ட் 26 அன்று, அமெரிக்காவின் கொலராடோவில் இருக்கும் மேக்மியூசிக் நிறுவனம் இசையை எழுதி அச்சிடும் மென்பொருளான ஃபினாலேவை இனி வளர்க்கப்போவதில்லை என்று அறிவித்தது. அன்றோடு விற்பனையும் நின்றது. புதிய பதிப்பு கிடையாது, பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு ஏறவும் வழி கிடையாது. கடைசிப் பதிப்பான 27-க்கு மட்டும் ஓராண்டுக்கு உதவி கிடைக்கும் என்றார்கள். கூடவே ஒரு சலுகை: ஏற்கெனவே ஃபினாலே வைத்திருப்பவர்கள் ஸ்டைன்பெர்க் நிறுவனத்தின் போட்டி மென்பொருளான டோரிக்கோ புரோவை 149 டாலருக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அப்போது அதன் வழக்கமான விலை 579 டாலர். சொந்த வாடிக்கையாளரைப் போட்டியாளரிடம் அனுப்பிவைத்துவிட்டு ஒரு நிறுவனம் விடைபெறுவது இந்தத் துறையில் அரிது.

ஃபினாலே என்பது என்ன? அதற்கு ஏன் இவ்வளவு பரபரப்பு?

மேற்கத்திய இசையை ஸ்டாஃப் நோட்டேஷனில், அதாவது ஐந்து கோடுகளில் இடும் குறிகளாக, எழுதி அச்சிடும் மென்பொருள். 1988-ல் மினசோட்டாவிலிருந்த கோடா என்ற நிறுவனம் மெக்கின்டாஷுக்காக வெளியிட்டது. எழுதியவர் ஃபில் ஃபாரண்ட். ஸ்டார் டிரெக் தொடரில் உள்ள ஓட்டைகளைத் தேடிப்பிடித்துப் புத்தகமாகப் போட்டவரும் இவரேதான். நுணுக்கம் பார்க்கிற அந்தப் புத்தி மென்பொருளிலும் தெரியும். ஒரு கோட்டின் தடிமன், தண்டின் நீளம், இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி என்று எதை வேண்டுமானாலும் பிடித்து இழுக்கலாம். கற்றுக்கொள்வது தலைவேதனைதான். ஆனால் கற்றுக்கொண்டவருக்குப் பக்கத்தில் எந்தப் புள்ளியும் தன் பேச்சைக் கேட்கும் என்ற தைரியம் வந்துவிடும். அமெரிக்காவின் இசைப் பதிப்பகங்கள், பிராட்வே நாடகங்கள், திரைப்பட இசைக்குழுக்கள், பள்ளி பேண்டுகள் என்று முப்பத்தைந்து ஆண்டுகளாக அதில் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அறிவிப்பு வந்த அன்று பலர் பதறியது மென்பொருளுக்காக மட்டும் இல்லை, அந்தக் குவியலுக்காகவும்தான்.

நிறுவனம் சொன்ன காரணம் என்ன? அதில் நியாயம் இருக்கிறதா?

நாற்பது ஆண்டுப் பழைய தொழில்நுட்பத்தின் மேல் கட்டிய, லட்சக்கணக்கான வரிகள் கொண்ட நிரலை இனிப் பராமரிப்பது கடினம், சிறு சிறு மாற்றங்களை மட்டும் செய்து விற்பதில் பயனர்களுக்கும் பெரிய லாபமில்லை என்றார்கள்.

காரணத்தில் பொய் இல்லை. ஃபினாலே பிறந்த பிறகு ஆப்பிள் மட்டும் மூன்று முறை சிப்பின் வகையையே மாற்றியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பழைய நிரலைப் புதிய இயந்திரத்துக்கு ஏற்றபடி திருத்த வேண்டும். அப்படித் திருத்திய மாதங்களில் பயனருக்குப் புதிதாக ஒன்றும் கிடைத்திருக்காது, ஆனால் சம்பளம் கொடுத்தாக வேண்டும். என் வருத்தம் வேறு. இந்த நிலை ஒரே இரவில் வரவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கக்கூடியதை, கடையை மூடுகிற அன்றுதான் வாடிக்கையாளரிடம் சொன்னார்கள். முந்தின வாரம் முழு விலை கொடுத்து வாங்கியவருக்கும் அதே கடிதம்தான்.

முன்கூட்டியே அறிகுறி ஏதாவது தெரிந்ததா?

தெரிந்தது. பதிப்புகளின் வரிசையைப் பார்த்தாலே போதும். 2012 வரை கார் மாடல் மாதிரி ஆண்டுக்கு ஒரு ஃபினாலே, ஆண்டின் பெயரோடு வந்துகொண்டிருந்தது. அப்புறம் 2014. அதன்பின் ஆண்டுக் கணக்கையே விட்டுவிட்டு 2016-ல் ‘25’, 2018-ல் ‘26’, 2021-ல் ‘27’. அதற்குப் பிறகு சிறு திருத்தங்கள் மட்டும்தான்.

நடுவே 2013-ல் லாஞ்ச்ஈக்விட்டி என்ற முதலீட்டு நிறுவனம் மேக்மியூசிக்கை வாங்கிப் பங்குச் சந்தையிலிருந்து விலக்கியது. அலுவலகம் மினசோட்டாவிலிருந்து கொலராடோவுக்குப் போனது. மாணவர்கள் வாத்தியத்தைப் பழக உதவும் ஸ்மார்ட்மியூசிக் என்ற சந்தா சேவை, பின்னாளில் மேக்மியூசிக் கிளவுட் ஆனது, நிறுவனத்தின் முக்கிய வேலையாக மாறியது. பள்ளிகள் வருஷா வருஷம் கட்டும் சந்தாவையும், ஒரு முறை வாங்கிவிட்டுப் பத்தாண்டு அப்டேட் வாங்காமலே ஓட்டும் இசையமைப்பாளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற முதலாளி எந்தப் பக்கம் ஆள் போடுவார் என்று ஊகிக்க ஜோசியம் தேவையில்லை.

இன்னொரு அறிகுறி எல்லா மென்பொருளுக்கும் பொருந்தும். பயனர்கள் நெடுநாளாகக் கேட்கும் வசதியை நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர்கள் பிளக்-இன்னாக, அதாவது மென்பொருளோடு ஒட்டிக்கொள்ளும் சிறு நிரலாக, எழுதி இலவசமாகக் கொடுப்பார்கள். அது நல்ல சமூகம் இருப்பதன் அடையாளம்தான். ஆனால் ஆறேழு ஆண்டு கழித்தும் அதே பிளக்-இன் இல்லாமல் வேலை நடக்காது என்றால், உள்ளே அந்த வேலையைச் செய்ய ஆளில்லை என்று அர்த்தம்.

ஆக்டிவேஷனை நிறுத்துகிறோம் என்றார்களாமே, அது என்ன விவகாரம்?

இதுதான் கோபத்தைக் கிளப்பியது. ஃபினாலேவைக் கணினியில் நிறுவினால் மட்டும் போதாது, நிறுவனத்தின் சர்வர் ‘இவர் காசு கொடுத்தவர்தான்’ என்று ஒப்புதல் தர வேண்டும். முதல் அறிவிப்பில், 2025 ஆகஸ்டுக்குப் பிறகு எந்தப் புதிய கணினிக்கும் அந்த ஒப்புதல் கிடைக்காது என்று எழுதியிருந்தார்கள். அதாவது உங்கள் லேப்டாப் செத்துப்போனால் நீங்கள் வாங்கிய மென்பொருளும் அதோடு செத்துவிடும். வாழ்நாள் முழுக்க எழுதிய ஸ்கோர்கள், அதாவது எல்லா வாத்தியத்துக்குமான முழு இசைத் தாள்கள், ஹார்டு டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும், ஆனால் திறக்க முடியாது.

எதிர்ப்பு அப்படி வந்தது, மறுநாளே இறங்கிவந்தார்கள். ஒப்புதல் காலவரையின்றி தொடரும் என்றார்கள். பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் ஃபைல்களை மாற்றிக்கொள்ள வசதியாக, டோரிக்கோ சலுகையை எடுப்பவர்களுக்கு ஃபினாலே 27-ஐயும் சேர்த்தே கொடுப்பதாகவும் சொன்னார்கள்.

‘காலவரையின்றி’ என்றால் ‘என்றென்றும்’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சர்வர் இருக்கிற வரைக்கும், விண்டோஸும் மேக்கும் ஒத்துழைக்கிற வரைக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் மேக் ஓஎஸ் கேட்டலினா வந்தபோது 32 பிட் மென்பொருள் எல்லாம் ஒரே நாளில் ஓடாமல் போயின. ஃபினாலே 2014-ம் அதற்கு முந்தியவையும் அதில் அடக்கம். சர்வர் ஒப்புதல் கொடுத்தாலும் அங்கே பயனில்லை.

இவ்வளவு அறிகுறி இருந்தும் பயனர்கள் ஏன் விடாமல் இருந்தார்கள்? விசுவாசமா?

பாதி விசுவாசம். மீதிப் பாதி மாட்டிக்கொண்டது.

முதலில் கை. ஃபினாலேவில் வேகமாக எழுதும் முறை ஒன்று உண்டு. ஒரு கை கணினியோடு இணைத்த மிடி கீபோர்டில் ஸ்வரத்தைப் பிடிக்கும், இன்னொரு கை எண் விசைகளில் காலஅளவைத் தட்டும். 5 தட்டினால் குவார்ட்டர் நோட், 4 தட்டினால் அதில் பாதியான எய்த் நோட், 6 தட்டினால் குவார்ட்டர் நோட்டின் இரட்டிப்பான ஹாஃப் நோட். இருபது ஆண்டு தட்டிய கைக்கு இதை யோசிக்கவே வேண்டாம். அதே கை இன்னொரு போட்டி மென்பொருளான சிபேலியஸில் உட்கார்ந்தால் குவார்ட்டர் நோட்டுக்கு 4. டோரிக்கோவில் 6. டோரிக்கோவில் பழக்கதோஷத்தில் 5 தட்டினால் எய்த் நோட் வந்து விழும், இரண்டாவது பாரிலேயே (தாளக் கட்டத்திலேயே) கணக்குத் தப்பும். விசைகளை நம் இஷ்டப்படி மாற்றி அமைக்கலாம்தான். ஆனால் மாற்ற வேண்டியது ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில். நாளைக் காலை ரெக்கார்டிங், இன்றிரவு நாற்பது பேருக்கும் தனித்தனி இசைத் தாள் (பார்ட்) எடுக்க வேண்டும் என்ற தொழிலில் இருப்பவர் எந்த வாரத்தில் புதிதாகப் பழகுவார்?

அப்புறம் ஃபைல்கள். ஆயிரம் ஸ்கோர் ஒரே மென்பொருளின் ஃபைல் வடிவத்தில் இருக்கும்போது, பிடிக்காவிட்டாலும் அப்டேட்டுக்குக் காசு கட்டுவீர்கள். நிறுவனத்தின் கணக்கில் அது ‘நெடுநாள் வாடிக்கையாளர்’ என்றுதான் பதிவாகும். விரும்பி இருப்பவரையும் வழியில்லாமல் இருப்பவரையும் அந்தக் கணக்கு பிரித்துக் காட்டாது. ஒரு நிறுவனம் உதவிப் பிரிவைச் சுருக்கியும் வருமானம் குறையவில்லை என்றால், சேவை போதுமானதாக இருக்கிறது என்று மேலிடத்தில் முடிவு கட்டுவார்கள். வருமானம் உண்மையில் விழத் தொடங்கும்போது, திருத்துவதற்கான ஆட்கள் வேலையை விட்டுப் போயிருப்பார்கள்.

டோரிக்கோவை மட்டும் எப்படி நம்புவது?

நல்ல கேள்வி. இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

சிபேலியஸ், ஃபினாலேவின் பழைய எதிரி. இங்கிலாந்தின் ஃபின் இரட்டைச் சகோதரர்கள் ஏகார்ன் கணினிக்காக எழுதி 1993-ல் வெளியிட்டார்கள். 2006-ல் அமெரிக்காவின் அவிட் நிறுவனம் அதை வாங்கியது. 2012-ல் அவிட் செலவைக் குறைக்கிறேன் என்று லண்டன் அலுவலகத்தை மூடி, சிபேலியஸை உருவாக்கிக்கொண்டிருந்த குழுவையே வீட்டுக்கு அனுப்பியது. பயனர்கள் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள், மென்பொருளை வேறு யாருக்காவது விற்றுவிடுங்கள் என்று கெஞ்சினார்கள். அவிட் அசையவில்லை. அந்தக் குழுவின் பெரும்பகுதியை, சிபேலியஸின் தயாரிப்பு மேலாளராக இருந்த டேனியல் ஸ்பிரெட்பரி உட்பட, ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் எடுத்துக்கொண்டது. அவர்கள் பழைய நிரல் எதுவும் இல்லாமல் முதல் வரியிலிருந்து எழுதி 2016 அக்டோபரில் வெளியிட்டதுதான் டோரிக்கோ. எட்டு ஆண்டு கழித்து ஃபினாலேவே தன் வாடிக்கையாளர்களை அங்கே அனுப்பியது.

சிபேலியஸ் சாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேறு குழு, பெரும்பாலும் சந்தா முறை, ஆனாலும் இன்றும் அப்டேட் வருகிறது. டோரிக்கோவின் ஸ்டைன்பெர்க் 2005 முதல் யமஹாவின் கையில் இருக்கிறது. இசைக்கருவி விற்கும் பெரிய நிறுவனம் பின்னால் நிற்பது ஒரு தெம்பு. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இருக்க முடியாது. இதே ஸ்டைன்பெர்க், கணினியில் செருகும் சிறு சாவியான யூஎஸ்பி டாங்கிளில் லைசென்ஸ் வைத்திருந்த பழைய முறையை 2025 மே மாதத்தில் மூடிவிட்டது. டாங்கிள் கையில் இருந்தால் பழைய பதிப்பு ஓடும். தொலைந்தாலோ உடைந்தாலோ அந்தப் பழைய லைசென்ஸை மீட்டுத்தர ஆளில்லை.

மியூசிக்எக்ஸ்எம்எல்லாக மாற்றினால் எல்லாம் அப்படியே வந்துவிடுமா?

மியூசிக்எக்ஸ்எம்எல் என்பது ஒரு நோட்டேஷன் மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு இசையைக் கொண்டுபோகும் பொது ஃபைல் வடிவம். அதில் இசை வரும், பக்கம் வராது. ஸ்வரம், காலஅளவு, பாடல் வரி, ஸ்லர், ஸ்டக்காட்டோ, டைனமிக்ஸ் போன்ற வாசிப்புக் குறிகள் இவை பெரும்பாலும் ஒழுங்காக வந்துவிடும். ஒவ்வொரு வரியிலும் எத்தனை பார், எந்தக் குறி எவ்வளவு தள்ளி, கையால் இழுத்துச் சரிசெய்த இடைவெளி, நீங்களே உருவாக்கிய விசேஷக் குறிகள், பிளேபேக் அமைப்புகள் இவை சிதறும். எளிய பியானோ பக்கம் என்றால் பத்து நிமிடத் திருத்தம். முப்பது வாத்தியம் உள்ள, ஆங்காங்கே தாளக்கட்டு மாறுகிற ஸ்கோர் என்றால் சில பக்கங்களைத் திரும்ப எழுதுவதே மேல் என்று தோன்றும்.

இதில் ஒரு வேடிக்கை: மியூசிக்எக்ஸ்எம்எல்லை உருவாக்கிய மைக்கேல் குட்டின் நிறுவனத்தை 2011-ல் வாங்கியதே மேக்மியூசிக்தான். 2015-ல் அந்த வடிவத்தை இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி-யின் பொதுக் குழுவிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அந்த நிறுவனம் பயனர்களுக்குச் செய்த பெரிய உதவி எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். தன் ஃபைலை எடுத்துக்கொண்டு பயனர் வெளியே போகிற கதவை ஊருக்குப் பொதுவாக்கினார்கள்.

ஃபினாலேவுக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை, இந்தத் துறையின் பழைய வியாதி இது. 2002 ஜூலையில் ஜெர்மனியின் இமேஜிக் நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் முடிவில், இமேஜிக்கின் இசைப்பதிவு மென்பொருளான லாஜிக்கின் விண்டோஸ் பதிப்பு நின்றது. மூன்று மாத அவகாசம்! விண்டோஸில் லாஜிக் வைத்திருந்தவர் மேக் வாங்க வேண்டும், இல்லையென்றால் லாஜிக்கை மறக்க வேண்டும். மிடியையும் ஆடியோவையும் ஒரே திரையில் சேர்த்துக் காட்டிய முன்னோடியான ஆப்கோட், 1998-ல் கிட்டார் நிறுவனமான கிப்சனின் கைக்குப் போனது. கொஞ்ச காலத்திலேயே மென்பொருள் வேலை நின்றுவிட்டது. கிப்சன் அதோடு விடவில்லை. 2013-ல் சோனார் என்ற இசைப்பதிவு மென்பொருளைச் செய்துவந்த கேக்வாக் நிறுவனத்தை வாங்கியது. 2017 நவம்பரில் அதையும் நிறுத்தியது. மறு ஆண்டே கிப்சன் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

‘வாழ்நாள் முழுக்க இலவச அப்டேட்’ என்றால் வாங்கலாமா?

யாருடைய வாழ்நாள் என்று முதலில் பாருங்கள். 2016-ல் கேக்வாக் தன் சோனார் பிளாட்டினத்துக்கு வாழ்நாள் அப்டேட் என்று காசு வாங்கியது. வாங்கியவர்கள் பல ஆண்டு ரசிகர்கள், ‘நம்ம கம்பெனி’ என்று கொடுத்தவர்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் நிறுவனம் கையை விரித்தது. நல்ல வேளையாக 2018 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேண்ட்லேப் அந்த மென்பொருளை வாங்கி, சில வாரங்களில் இலவசமாகவே வெளியிட்டது. வாழ்நாள் வாக்குறுதிக்குக் காசு கொடுத்தவருக்கும் ஒரு பைசா கொடுக்காதவருக்கும் கடைசியில் ஒரே பொருள்.

மறுபக்கம் பெல்ஜியத்தின் இமேஜ்-லைன். 1997-ல் ஃப்ரூட்டிலூப்ஸாகத் தொடங்கிய எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசைத் தயாரிப்பு மென்பொருளை ஒரு முறை வாங்கினால் அப்டேட் எல்லாம் இலவசம் என்ற வாக்கை இன்றுவரை காப்பாற்றுகிறது. வித்தியாசம் எங்கே? அவர்களுக்கு அது தொடக்கத்திலிருந்தே தொழில் செய்யும் முறை, விலையும் அதற்கேற்றபடி வைத்தது. விற்பனை சரியும்போது அவசரமாக ‘வாழ்நாள்’ என்று விற்கத் தொடங்கினால் பர்ஸை மூடிக்கொள்வது நல்லது. ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளின் வழி இன்னும் நேர்மையானது: 60 டாலர் லைசென்ஸில் இரண்டு பெரிய பதிப்புகள் வரை என்று எழுதியே கொடுத்துவிடுகிறார்கள்.

பயனர்கள் சத்தம் போட்டால் ஏதாவது மாறுமா?

சில நேரம் உடனே மாறும். 2023 மார்ச்சில் இஸ்ரேலின் வேவ்ஸ் நிறுவனம், இனிப் பிளக்-இன் எல்லாம் சந்தாவுக்கு மட்டும்தான் என்றது. சில நாள்களிலேயே நிரந்தர லைசென்ஸையும் திரும்பக் கொண்டுவந்தது. ஃபினாலே ஒரே நாளில் ஆக்டிவேஷன் முடிவை மாற்றியது. இரண்டிலும் நிறுவனத்துக்கு மாற்றுவது சுலபம், ஒரு சர்வரை ஓட விடுவது, ஒரு விற்பனைப் பக்கத்தைத் திரும்பத் திறப்பது. ஆள்களைத் திரும்ப வேலைக்கு எடு, நின்ற மென்பொருளைத் திரும்ப எழுது என்று கேட்டால் நடக்காது. சிபேலியஸ் பயனர்கள் 2012-ல் கேட்டது அந்த ரகம். ஆகவே கூச்சல் போடுவதானால் காசு அதிகம் ஆகாத, குறிப்பான ஒன்றைக் கேளுங்கள்.

உதவிப் பிரிவுக்கு எழுதினால் பதிலே இல்லை. எவ்வளவு நாள் பொறுப்பது?

உதவி கேட்டு அனுப்பிய ஒரு டிக்கெட்டுக்குப் பதில் தாமதமாவதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். விடுமுறைக் காலமாக இருக்கலாம். நீங்கள் சொன்ன பிழை அடுத்த இரண்டு அப்டேட்டிலும் அப்படியே இருக்கிறதா, பதில் எழுதுகிறவர் உங்கள் கேள்வியைப் படித்தாரா அல்லது ‘மீண்டும் நிறுவிப் பாருங்கள்’ என்று எல்லாருக்கும் அனுப்புவதையே அனுப்பினாரா, புதிய இயங்குதளம் வந்து எத்தனை மாதம் கழித்து ‘இப்போது ஒத்துப்போகும்’ என்கிறார்கள், இவற்றைக் கவனியுங்கள். இயங்குதள விஷயம்தான் நம்பகமான அளவுகோல். அதில் ஒவ்வொரு ஆண்டும் தாமதம் கூடிக்கொண்டே போனால், மாற்று ஒன்றைப் பழகத் தொடங்குங்கள். விட்டுவிட வேண்டியதில்லை, பழகினால் போதும்.

இலவச நோட்டேஷன் மென்பொருளான மியூஸ்ஸ்கோருக்குப் போய்விட்டால் பாதுகாப்பா?

ஓரளவுக்கு. 2022 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்புக்குப் பிறகு அது விளையாட்டுப் பொருள் இல்லை. பின்னால் மியூஸ் குரூப் என்ற நிறுவனம் இருக்கிறது, அதுவும் நாளை மனம் மாறலாம். ஆனால் நிரல், யாரும் எடுத்துத் திருத்தி வெளியிட அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் திறந்திருக்கிறது. நிறுவனம் விலகினாலும் வேறு யாராவது எடுத்து நடத்த முடியும், ஒப்புதலுக்கு எந்த சர்வரையும் கேட்க வேண்டாம். பெரிய பதிப்பகத்தின் நுணுக்கத் தேவைகளுக்கு டோரிக்கோ இன்னும் ஒரு படி மேல். பாடகர் குழு, பள்ளி, டிரினிட்டி இசைத் தேர்வுக்கான பயிற்சித் தாள் போன்றவற்றுக்கு மியூஸ்ஸ்கோரே தாராளம்.

என் கணினியில் ஃபினாலே இன்னும் ஓடுகிறது. இப்போது என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை, இயங்குதளம் தானாக அப்டேட் ஆவதை நிறுத்துங்கள். இரண்டாவது, பழைய பதிப்புகளின் ‘மஸ்’ (.mus) ஃபைல்களை எல்லாம் 27-ல் திறந்து புதிய வடிவத்தில் சேமியுங்கள். அப்புறம் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட்டுக்குள் போனால், ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மியூசிக்எக்ஸ்எம்எல்லாக மாற்றும் வசதி இருக்கிறது. இரவு ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். ஆனால் பிடிஎஃப்பும் கட்டாயம் எடுங்கள், முழு ஸ்கோருக்கும் தனித்தனி பார்ட்டுகளுக்கும். மியூசிக்எக்ஸ்எம்எல் தொலைப்பது பக்க அமைப்பை. பக்கம் எப்படி இருந்தது என்று பின்னாளில் திருத்துகிறவருக்குக் காட்டுவது பிடிஎஃப் ஒன்றுதான். நிறுவும் ஃபைலையும் சீரியல் எண்ணையும் இரண்டு இடத்தில் எடுத்துவையுங்கள்.

எல்லாவற்றையும் உட்கார்ந்து டோரிக்கோவுக்கு மாற்றித் திருத்த வேண்டுமா என்றால், வேண்டாம். திரும்ப மேடைக்கு வரும் ஸ்கோர்களை மட்டும், வருகிறபோது திருத்தினால் போதும்.

பழைய கணினியில் ஃபினாலே இருக்கிறது, புதிதாக நோட்டேஷன் கற்க நினைக்கிறேன். அதிலேயே தொடங்கலாமா?

வேண்டாம். மியூஸ்ஸ்கோரை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் குவார்ட்டர் நோட்டுக்கு 5.